மறதி மொய்: ஒரு நாவல் திருத்தத்தின் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

அண்ணனைப் பறிகொடுத்த தங்கை ஒருவர் எழுதிய மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல், வேர்ட் கோப்பாக வந்த நாளிலிருந்து புத்தகமாகி வெளியே போனதுவரை நடந்தவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அந்த நாவலுக்கு நான் எடிட்டர். நாவலாசிரியரும் அவருடைய அண்ணியும் இதைப் படித்துச் சரி என்று சொன்ன பிறகே வெளியாகிறது. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாவலின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் சொல்லவில்லை.

சொந்த வீட்டுச் சாவை எழுத உட்காருகிறவர்கள் இப்போது அதிகம். 2020, 2021க்குப் பிறகு என்னிடம் வரும் பிரதிகளில் அது கண்கூடாகத் தெரிகிறது. அவர்களுக்கும், அந்தப் பிரதிகளைக் கையில் வாங்குகிறவர்களுக்கும் இது ஏதாவது ஒரு இடத்தில் உதவலாம்.

பின்னணி

நாவலாசிரியருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. திருச்சியில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. அதுவரை சில சிறுகதைகள் பத்திரிகைகளில் வந்திருந்தன. சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம்.

அந்த வட்டாரத்தின் மொய்ப் பழக்கத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து களைகட்டும். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வருகிறவர்களிடம் மொய் வாங்குவார்கள். வட்டி இல்லாமல் முதல் திரட்டும் வழி அது. வாங்கிய தொகையை அவரவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்தாக வேண்டும். ஊர், பெயர், தொகை மூன்றும் நோட்டில் ஏறும். நோட்டைக் கோயில் கணக்குப் போலப் பத்திரமாக வைத்திருப்பார்கள். இவர்கள் ஊரில் கருமாதி வீட்டிலும் மொய் எழுதுவார்கள்.

அண்ணனுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அந்தப் பகுதித் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது அவருடையதும் போயிற்று. அடுத்த வருடங்களில் மறுபடி கன்று வைத்தார். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் இறந்தார். உடல் வீட்டுக்கு வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டு ஆட்களையும் பக்கத்து வீட்டார் சிலரையும் தவிர யாரும் இல்லை. ஊரடங்கு. மொய் எழுத வாங்கி வைத்த நோட்டில் ஒரு பெயர்கூட ஏறவில்லை.

நாவல் பிறந்தது அந்த நோட்டிலிருந்துதான் என்று நாவலாசிரியர் முதல் பேச்சிலேயே சொன்னார். இதை நான் அப்போது ஒரு தகவலாகத்தான் குறித்துக்கொண்டேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் வந்து உட்கார்ந்து, அழுது, காபி குடித்துவிட்டு மட்டும் போவதில்லை. “போன வாரம்தான் என்னப் பாத்து இப்படிச் சொன்னாரு” என்று ஆளுக்கு ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத நூறு விஷயங்கள் அந்தப் பதினாறு நாளில்தான் வந்து சேரும். இந்தக் குடும்பத்துக்கு அது நடக்கவே இல்லை.

கைக்கு வந்த பிரதி

2023 தொடக்கத்தில் பிரதி வந்தது. டெமி என்ற புத்தக அளவில் முந்நூறு பக்கம் ஓடக்கூடியது.

கதை நடப்பது பெயர் சொல்லப்படாத ஒரு கடைமடை ஊர். அங்கே யாராவது இறந்தால், காரியத்தன்று வருகிறவர்கள் நோட்டில் பணம் எழுதுவதில்லை. இறந்தவரைப் பற்றித் தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுகிறார்கள். வீட்டார் அந்த வரியில் விரல் வைத்தால், எழுதியவர் கண்டதை அப்படியே காணலாம். நாயகியின் அண்ணன் இறந்துபோகிறான். ஊரே வந்து எழுதுகிறது. அவள் ஒரு வருடம் முழுக்க நோட்டைப் படிக்கிறாள். தலைத் திவசத்தன்று நோட்டை மூடும்போது அண்ணனை முழுதாகத் தெரிந்துகொண்டுவிட்டாள். கதை முடிகிறது.

பேய் இல்லை, ஆவி இல்லை, அறிவியல் விளக்கமும் இல்லை. ஊரில் எல்லோரும் அதை ரேஷன் கடை வரிசையைப் போலச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சாதாரணம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

முதல் வாசிப்பில் கண்டவை

மொழி நன்றாக இருந்தது. காய்ந்த மட்டை விழும் சத்தத்தை வைத்தே மணி என்ன என்று சொல்லும் பாட்டி, மாட்டுத் தரகரின் துண்டுக்குள் நடக்கும் விரல் பேரம் என்று வட்டாரம் தெரிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய இடங்கள் நிறைய.

ஆனால் நாற்பதாவது ஆள் எழுதி முடித்தபோதும், மூன்றாவது ஆள் எழுதியபோது அண்ணனைப் பற்றி எனக்கு என்ன தெரியுமோ அதுதான் தெரிந்தது. தேங்காய் வியாபாரி, பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, கூலிக்கு வந்தவர், சிங்கப்பூரிலிருந்து பேசும் பங்காளி என எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். அது தங்கையின் குரல். அவனோடு மனத்தாங்கல் உள்ள ஒரு ஆள்கூட அந்த ஊரில் இல்லை. அவனுக்குக் கடன் கொடுத்து ஏமாந்தவர் இல்லை, அவன் கொடுத்து ஏமாந்த ஆளும் இல்லை. வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டிய படத்தில் இருக்கும் மனிதர் மாதிரிதான் முந்நூறு பக்கமும் இருந்தார்.

அடுத்தது, புனைவின் விதிக்கு, அதாவது நோட்டு வேலை செய்யும் முறைக்கு, விலை இல்லை. விரல் வைத்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் துக்கம் தீர்ந்துவிடும். இப்படிப்பட்ட கதைகளில் அதிசயம் இலவசமாகக் கிடைத்தால் வாசகருக்கு அதில் ஒட்டுதல் வராது.

ஒரே ஒரு அத்தியாயம் மட்டும் இதிலெல்லாம் சேராமல் தனியாக நின்றது. இறந்தவனின் மனைவிக்கு ராத்திரி ஒன்பது மணிவாக்கில் வாசலில் அவன் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்கும். எழுந்துபோய்க் கதவைத் திறக்க மாட்டாள். அடுப்படியில் மட்டும் விளக்கைப் போடுவாள். இரண்டரைப் பக்கம்தான். ‘பேய்க்கதை வாடை அடிக்கிறது, எடுத்துவிடலாமா’ என்று நாவலாசிரியரே ஓரக்குறிப்புப் போட்டிருந்தார். எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். பேய்க்கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பிரதியில் மிகுபுனைவே இல்லாத பக்கங்கள் அவைதான் என்று எழுதி அனுப்பினேன்.

நாவலாசிரியரின் நிலையைப் பற்றியும் ஒன்று குறித்துக்கொண்டேன். பேச்சுக்கு நடுவே அவர் சொன்னது: “எங்க அண்ணன என்னைய விடத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது சார். அண்ணிக்குக்கூட இருபது வருசம்தான் தெரியும்.”

முதல் முடிவு: விதிக்கு ஒரு விலை

இரண்டு வழி இருந்தது. பிரதியை மொழியளவில் செப்பம் செய்து, ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம். பதிப்பகம் அதைத்தான் விரும்பியது. அல்லது கதையின் அடிப்படையையே திறந்து பார்க்கலாம். நான் இரண்டாவதைச் சொன்னேன். காரணம் எளிது. இவ்வளவு நல்ல ஒரு விதி, வாசகரிடம் ஒரு கேள்வியைக்கூட எழுப்பாமல் வீணாகிறது.

நாவலாசிரியரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டேன். நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போகிறாரே, அவருக்கு என்ன ஆகும்?

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “மொய்யின்னா திருப்பிச் செய்யணுமே சார். அதுவரைக்கும் குடுத்தவங்க கையில இருக்காதுல்ல” என்றார்.

நாவல் அந்த இடத்தில் திரும்பியது. இரண்டாம் வரைவில் விதி இப்படி ஆனது: நோட்டில் எழுதியவர் எழுதிய கணத்தில் அதை மறந்துவிடுகிறார். வீட்டாருக்கு அது கிடைக்கிறது, அவருக்கு அது இல்லை. முறைப்படி திருப்பிச் செய்ய வேண்டும் என்றால், நாயகி வீடு வீடாகப் போய் அவரவர் எழுதியதை அவரவரிடம் சொல்ல வேண்டும். ‘நீங்களும் எங்கண்ணனும் ஒருநாள் ராத்திரி வாய்க்கால்ல மடை மாத்தப் போனீங்க’ என்று ஆரம்பித்து. ஆனால் அவள் வாய்வழியாகப் போகும்போது அது எழுதியவர் கண்டதாக இருப்பதில்லை. தங்கை கண்டதாக ஆகிவிடுகிறது. திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் ஊருக்கு அவனைத் தெரியாமல் போகும். கொடுத்தால் ஊருக்கு வேறொருவனைக் கொடுத்தவள் ஆவாள்.

இதை நான் யோசித்திருந்தால் விளக்கம் சொல்லியே கெடுத்திருப்பேன். மொய்க் கணக்கில் வளர்ந்தவருக்குத்தான் அது தானாக வரும்.

இரண்டாவது முடிவு: போய்க் கேட்பது

விதி மாறினாலும் குரல் மாறவில்லை. இரண்டாம் வரைவிலும் தேங்காய் வியாபாரி தங்கையைப் போலவே பேசினார். நாவலாசிரியர் அவர்கள் ஒவ்வொருவரின் இடத்திலும் தன்னை வைத்துப் பார்த்துத்தான் எழுதியிருந்தார். அது போதாது என்பதற்கு இலக்கியக் காரணம் சொன்னால் வாதம் நீளும். அதனால் வேறொன்றைச் சொன்னேன். நிக்கலஸ் எப்லி உள்ளிட்ட மூன்று உளவியல் ஆய்வாளர்கள் 2018ல் 25 சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். இன்னொருவரின் இடத்தில் தன்னை வைத்து யோசிப்பதால் அவர் மனதைக் கணிப்பது கூடுதலாகச் சரியாவதில்லை, நேரே கேட்டால்தான் சரியாகிறது என்பது அதன் சாரம். “அப்ப நாவலே எழுதக் கூடாதுங்கிறீங்களா?” என்றார். எழுதலாம், முதலில் கேட்டுவிட்டு எழுதலாம் என்றேன்.

விடுமுறைகளில் ஊருக்குப் போய் அண்ணனின் கூட்டாளிகளைப் பார்த்தார். வெளிநாட்டில் இருந்தவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்கள். நாவலுக்காக என்று எல்லோரிடமும் சொல்லியே கேட்க வேண்டும் என்பது நான் வைத்த நிபந்தனை.

கிடைத்தவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். கடைத்தெருவில் பங்ச்சர் கடை வைத்திருப்பவர், கஜாவுக்குப் பிறகு அண்ணன் பல மாதம் தினமும் மத்தியானம் தன் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். பேச மாட்டாராம். கடைக்காரர் டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஓட்டை தேடும்போது, குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம். “முட்டை வர்ற எடத்த எனக்கு முன்னாடி அவருதான் தங்கச்சி பாப்பாரு. பாத்துட்டு விரல வச்சுக் காட்டுவாரு. அவ்ளோதான். ஒரு வார்த்தை கிடையாது.” அதே மாதங்களில் தங்கையிடம் போனில், கன்று வைத்தாகிவிட்டது, எல்லாம் சரியாகிவிடும் என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் அவர்.

நாவலாசிரியர் இதைக் கேட்டுவிட்டு வந்து சில வாரம் எதுவும் எழுதவில்லை. தூக்கமும் குறைந்திருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாக வகைப்படுத்துவது 2022ல் நடைமுறைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் குறைந்தது ஆறு மாதம், அமெரிக்க மனநல சங்கத்தின் கையேட்டில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். அண்ணன் போய் இரண்டு வருடம் தாண்டியிருந்தது. அந்தக் கணக்கை வைத்து நான் எதையும் தீர்மானிக்க முடியாது, அது என் வேலையும் இல்லை. எடிட்டரிடம் அழுவதும் மருத்துவரிடம் பேசுவதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்லி, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணை (14416) கொடுத்தேன். அவர் திருச்சியிலேயே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புத்தகக் காட்சிக் கெடுவைத் தள்ளிவைக்கப் பதிப்பகம் ஒப்புக்கொண்டது. முகச்சுளிப்போடுதான்.

அண்ணி படித்தது

மூன்றாம் வரைவு முடிந்ததும் அதை அண்ணியிடம் கொடுக்க வேண்டும் என்றேன். நாவலில் மனைவி பாத்திரம் இருக்கிறது. ஊரில் யார் படித்தாலும் யார் என்று தெரிந்துவிடும். நாவலாசிரியருக்கு இதில் விருப்பமில்லை. “கதைன்னா கதைதானே சார்” என்றார். ஆனாலும் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அண்ணி மெதுவாகப் படித்தார். வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரியில் சில பக்கம். பிறகு ஒருநாள் எங்கள் இருவரையும் சேர்த்து போனில் கூப்பிட்டார். ஆட்சேபம் மூன்று.

ஒன்று, கடன். அண்ணன் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட கதை, கூட்டாளிகளில் ஒருவர் சொன்னது, நாவலில் ஏறியிருந்தது. பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம் என்றார் அண்ணி.

இரண்டு, அந்த வண்டிச் சத்தம். அது நாவலாசிரியரின் கற்பனை என்று நான் நினைத்திருந்தேன். அண்ணன் இறந்த வருடம் ஒரு ராத்திரி அண்ணி போனில் நாத்தனாரிடம் சொன்னது அது. “அது ஒங்கிட்டச் சொன்னதும்மா. ஊருக்குச் சொன்னதில்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மூன்றாவது, கத்தரிக்காய். நாவலில் அண்ணனுக்குப் படையல் போடும்போது எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறார்கள். நிஜத்திலும் நாவலாசிரியர் வருடாவருடம் அதைத்தான் வைக்கிறார். அண்ணி சொன்னார்: “அவருக்குக் கத்தரிக்காயே ஆகாது. நான் கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து எங்க வீட்டுல வாங்குனதில்ல.”

இந்த மூன்றாவதுதான் பெரிய சண்டையானது. கடனுக்கும் வண்டிச் சத்தத்துக்கும் குரல் உயராத இருவரும் இதில் உயர்த்தினார்கள். “எங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிடும் அண்ணி. அம்மா வைக்கிற மாதிரியே இருக்குன்னு சொல்லும்.” “ஒனக்காகச் சாப்பிட்டிருப்பாரு.” அதோடு போன் துண்டிக்கப்பட்டது.

மறுநாள் நாவலாசிரியர் என்னிடம் கேட்டது, “அப்ப இத்தனை வருசமும் எனக்காகத்தான் சாப்பிட்டுச்சா?”

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

கடன் பகுதியை எடுத்தோம். இறந்தவர் மீது, குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கத்தோடு அவதூறு சொன்னாலும் குற்றமாகலாம் என்று நம் சட்டத்தில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவின் முதல் விளக்கத்தில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356ல் இருக்கிறது. இங்கே அப்படி நோக்கம் எதுவும் இல்லை, வழக்கு வரும் என்று யாரும் பயப்படவும் இல்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் அந்த அத்தியாயத்தை விட முக்கியம் என்பதே காரணம். அதே இடத்தில் வேறொரு இழப்பை நாவலாசிரியர் புதிதாக எழுதினார். கதைக்கு அது போதுமானதாக இருந்தது.

வண்டிச் சத்தத்தையும் எடுத்தோம். என் கணிப்பில் அது நாவலின் மிகச் சிறந்த பக்கம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ரீஸ் ஆய்வைச் சொல்லி, இது பலருக்கும் நடப்பதுதான், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று அண்ணியிடம் பேசிப் பார்க்கலாமா என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவர் கூச்சப்படவில்லை. தன்னுடையது என்று சொன்னார். நாவலின் விதியே, கொடுத்தவர் கையில் இல்லாமல் போவதைப் பற்றியது. அப்படியொரு நாவலுக்காக ஒருவரிடமிருந்து கேட்காமல் எடுத்ததை வாதாடி வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாவலாசிரியர் அந்தக் கோப்பைத் தன்னிடம்கூட வைத்துக்கொள்ளவில்லை என்று பிறகு சொன்னார்.

கத்தரிக்காய் விஷயத்தில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். மனைவி சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று பதிப்பகத்தில் எல்லோரும் நினைத்தார்கள். கூடவே வாழ்ந்தால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கெல்லாம் உண்டு. முடிவெடுக்க முடியாத நிலையில் இருக்கும் நோயாளிக்கு எந்தச் சிகிச்சை விருப்பமாக இருக்கும் என்று நெருங்கியவர்கள் கணிப்பதைப் பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்து 2006ல் ஒரு மதிப்பாய்வு வந்தது. கணிப்பு சரியாக இருந்தது 68 சதவீதம்தான். உயிர் பிழைப்பது சம்பந்தமான விஷயத்திலேயே மூன்றில் ஒரு பங்கு தப்பென்றால், கத்தரிக்காயில் யார் அடித்துச் சொல்வது? அவர் ஒரு வீட்டில் பிடிக்காமல் சாப்பிட்டிருக்கலாம். இன்னொரு வீட்டில் பிடித்தும் சாப்பிடாமல் இருந்திருக்கலாம். இரண்டும் உண்மையாக இருக்கவும் வாய்ப்புண்டு. கேட்க ஆள் இல்லை.

நாவலாசிரியர் இதற்குக் கண்டுபிடித்த வழி நான் எதிர்பார்க்காதது. நாவலில் மனைவியும் மொய் எழுதுகிறாள், ஒரே வரி: ‘கத்தரிக்காய் பிடிக்காது.’ எழுதியதும் மறந்துவிடுகிறாள். தலைத் திவசம் வருகிறது. சந்தையில் பிஞ்சுக் கத்தரிக்காய் நன்றாக இருக்கிறது என்று வாங்கிவந்து, புருசனுக்குப் படைக்க அவளே ஆசையாகக் குழம்பு வைக்கிறாள். அது அவனுக்கு ஆகாது என்பது இப்போது உலகத்தில் நாயகி ஒருத்திக்குத்தான் தெரியும். வாழ்நாள் முழுக்கத் தன் வீட்டில் அவன் அதைச் சாப்பிட்டது எதற்காக என்பதும் சேர்ந்தே தெரியும். சொன்னால் அண்ணிக்கு அவள் கொடுத்ததைத் திருப்பியதாகும், ஆனால் இலையில் வைத்ததை எடுக்க வேண்டிவரும். நாயகி வாயைத் திறக்கவில்லை. காக்கைக்கு வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

அவள் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. விதிப்படி பார்த்தால் அவள் செய்வது மொய்யை அமுக்கிவைப்பது. நாவலாசிரியர் ஒப்பவில்லை. “அந்தக் குழம்ப அண்ணி முதல் தடவையா வைக்குது சார், அத எப்படிக் கெடுக்கிறது?” என்றார். அப்படியே விட்டோம். அதுவே நாவலின் உச்சமாக நின்றுவிட்டது. வாசகர்களும் இந்த இடத்தில் இரண்டாகத்தான் பிரிகிறார்கள்.

பழைய முடிவு தானாகவே உதிர்ந்தது. புதிய வடிவில் நாயகிக்கு அண்ணனை முழுதாகத் தெரிவதில்லை. சில மொய்களைத் திருப்பிச் செய்கிறாள், சிலவற்றுக்கு ஆளே இல்லை, சிலவற்றை வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறாள்.

பின் நடந்தவை

நாவல் ஜனவரிக்கு வரவில்லை. ஆகஸ்டில், ஈரோடு புத்தகத் திருவிழா நேரத்தில் வந்தது. முதல் அச்சு 300 பிரதி. விற்பனை சுமார். வந்த மதிப்புரைகளில் ஒன்று, நோட்டுக்கு அந்தச் சக்தி எப்படி வந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை என்று குறைப்பட்டது. அது சொல்லப்படாதது எங்கள் தெரிவு.

அண்ணி அச்சுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். படிக்கவில்லை. ‘ஒரு தடவ படிச்சாச்சு’ என்றாராம். நாத்தனாரோடு பேச்சு வார்த்தை அறுந்துபோகவில்லை, முன்பு போலவும் இல்லை. ராத்திரியில் நெடுநேரம் போனில் பேசுவது நின்றிருக்கிறது. அதை நாவலின் விலை என்று நாவலாசிரியர் கணக்கு வைக்கிறார். தகுந்த விலைதானா என்று கேட்டால் பதில் சொல்வதில்லை. அடுத்த படையலுக்கு அவர் கத்தரிக்காய் வைத்தார். அண்ணி வீட்டில் வைக்கவில்லை.

துக்கம் குறைந்ததா என்று பல பேட்டிகளில் அவரிடம் கேட்டார்கள். ‘அண்ணன் முன்ன ஒரு ஆளு, இப்ப நாலஞ்சு ஆளு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அழ வேண்டியிருக்கு’ என்று ஒருமுறை சொன்னார்.

பங்ச்சர் கடைக்காரர், கல்லூரியில் படிக்கும் மகனை விட்டுத் தன் பகுதியை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, “நான் இப்படிச் சொல்லலியே” என்றாராம். நாவலாசிரியரிடம் குரல் பதிவு இருக்கிறது. கிட்டத்தட்ட அப்படியேதான் சொல்லியிருக்கிறார். பதிவைப் போட்டுக் காட்ட வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். அவர் கேட்ட ஒரு திருத்தத்தை மட்டும் அடுத்த அச்சுக்குக் குறித்து வைத்திருக்கிறேன். நாவலில் பிளாஸ்டிக் தொட்டி என்று வருகிறது. அவர் கடையில் இருப்பது குறுக்கே வெட்டிய இரும்பு டிரம்.

இனி மாறுவது

சொந்தச் சாவிலிருந்து எழுதப்படும் பிரதி வந்தால், வீட்டில் இதை யாரெல்லாம் படித்திருக்கிறார்கள் என்பதை இப்போது முதல் மின்னஞ்சலிலேயே கேட்கிறேன். மூன்றாம் வரைவு வரை காத்திருப்பதில்லை. அடையாளம் தெரியக்கூடியவர் படிப்பதற்கு முன் அட்டை வடிவமைப்போ முன்பதிவு அறிவிப்போ கிடையாது என்பதைப் பதிப்பகத்தோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறோம். புத்தகக் காட்சித் தேதியை இந்த வகைப் பிரதிகளுக்கு வைப்பதே இல்லை.

எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று எழுதுகிறவரே ஒரு தனி நோட்டில் குறித்துவரச் சொல்கிறேன்: கேட்டு வாங்கியது, காதில் விழுந்தது, நம்பிச் சொன்னது, கற்பனை என்று. வண்டிச் சத்தம் அப்படிக் குறிக்கப்பட்டிருந்தால் முதல் வரைவிலேயே அண்ணியிடம் போயிருக்கும். அவர் அப்போது சரி என்றும் சொல்லியிருக்கலாம்.

நாவலாசிரியர் இரண்டாவதாக ஒரு நாவல் எழுதுகிறார். அதில் யாரும் சாகவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நோட்டின் முதல் சில பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். ‘நம்பிச் சொன்னது’ என்ற பத்தி இதுவரை காலியாக இருக்கிறது.